பத்து விரல் கமிட்டி

கழுவிப் பாக்கலாம் மேடம், ஆனா போகாது. போகக்கூடாதுன்னுதான அந்த மையையே கண்டுபிடிச்சிருக்காங்க. நேத்து எங்க அம்மா பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை எடுத்துத் தேச்சு விட்டாங்க. தோலு போச்சு, மை போகல. இந்தா பாருங்க, இது இடது கை. இது வலது கை. பத்துலயும் இருக்கு. நான் எதையாவது மறைச்சேனா? மறைக்கிறவன்னா கையைப் பாக்கெட்ல விட்டுக்கிட்டுல்ல வந்திருப்பேன்.

இல்ல மேடம், நான் இன்னும் ஓட்டுப் போடல. சத்தியமா போடல. பத்து விரல்ல மை இருந்தா பத்து ஓட்டுப் போட்டவன்னு அர்த்தமா? ஒரு பூத்துல ஒருத்தன் பத்து ஓட்டுப் போடுற வரைக்கும் நீங்க எல்லாரும் என்ன, மாவாட்டிக்கிட்டா இருந்தீங்கன்னு கேக்க மாட்டாங்களா? உங்களுக்கு ஆதரவாத்தான் மேடம் பேசுறேன்.

தேசிங்கு அண்ணே, கொஞ்சம் இருங்க. ஆட்சேபணை சொல்லிட்டீங்கல்ல, அப்புறம் என்ன. மேடம், இவரு எதிர்த்தரப்பு ஏஜென்ட். எங்க அம்மாவுக்கு எதிர்த்தரப்பு. எங்க அம்மா சுந்தரவல்லி இந்த ஒன்பதாம் வார்டுக்கு சுயேச்சையா நிக்கிறாங்க. சின்னம் வந்து... சரி சரி, பூத்துக்குள்ள சின்னம் சொல்லக்கூடாது. சொல்லல. சட்டை சுருக்கமா இருந்தா எதைத் தேடுவோமோ, அது. மன்னிச்சிருங்க மேடம், வாயில வந்துருச்சு.

போன தடவையும் நின்னாங்க. என்ன ஆச்சு தெரியுமா? இவங்க ஆளும் எங்க அம்மாவும் சரிக்குச் சமம். ஒரு ஓட்டுக்கூட முன்ன பின்ன இல்ல. சீட்டெழுதிக் குலுக்கினாங்க. ஒரு சின்னப் பாப்பாவை விட்டு எடுக்கச் சொன்னாங்க. பாப்பா அவரு பேரை எடுத்துக் குடுத்துட்டு சாக்லேட் வாங்கிட்டுப் போயிருச்சு. அன்னைக்கு நான் ஊர்ல இல்ல. ஃப்ரெண்டு அக்கா கல்யாணத்துக்கு வேலூர் போயிட்டேன். "நீ ஒருத்தன் வந்து குத்தியிருந்தா நான் கவுன்சிலர்டா"ன்னு எங்க அம்மா இன்னிக்கு வரைக்கும் சோறு போடும்போதெல்லாம் சொல்றாங்க. ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. அதனால இந்த ஓட்டைப் போடாம வெளிய போனேன்னா, நேரா பஸ் ஸ்டாண்டுக்குத்தான் மேடம் நான் போகணும். வீட்டுக்கு இல்ல.

தள்ளி நில்லுன்னா எப்படி மேடம் நிக்கிறது? கையெழுத்து வாங்கிட்டீங்கல்ல. மை வைக்கிற சார் முதல்ல விரலைப் பாத்துட்டு அப்புறம் கையெழுத்து வாங்கியிருக்கணும். அவரு கையெழுத்தை வாங்கிட்டு விரலைப் பாத்தாரு. இப்ப நான் போடாம அடுத்த ஆளை விட்டா மிஷின் கணக்கும் நோட்டுக் கணக்கும் இடிக்கும்னு நீங்கதான இப்ப சொன்னீங்க. மேலதிகாரிக்கு போன் போடுறீங்க, அவரு எடுக்க மாட்டேங்குறாரு. மணி நாலுதான ஆகுது? அஞ்சு வரைக்கும் இருக்கு. அவரு எடுக்கட்டும், நான் விளக்கத்தைச் சொல்லிர்றேன்.

பின்னாடி யாரும்மா முணுமுணுக்கிறது? செல்வி அக்காவா? அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம். மேடம், வராண்டாவுல நிக்கிற அத்தனை பேரும் எங்க மேட்டுத்தெரு. தோல் கம்பெனில அரை நாள் லீவு போட்டுட்டு வந்திருக்காங்க. எல்லாரும் யாருக்குப் போடுவாங்கன்னு... சொல்லல மேடம், சொல்லல.

என்னண்ணே? இவ்வளவு மை எங்க வச்சேன்னா? அப்படிக் கேளுங்க. பாத்தீங்களா மேடம், ஆட்சேபணை சொன்னவரே விளக்கமா சொல்லுங்குறாரு. மனுஷன்னா அப்படி இருக்கணும்.

நான் பாலிடெக்னிக் ரெண்டாவது வருஷத்தோட காலேஜை விட்டுட்டேன் மேடம். காலேஜ்தான் என்னை விட்டுச்சுன்னு அம்மா சொல்லுவாங்க. அதுக்கப்புறம் நிறைய வேலை. கூரியர்ல இருந்தேன், செல்போன் கடைல இருந்தேன், கல்யாண மண்டபத்துல பன்னீர் தெளிச்சேன். எங்கயும் நிலைக்கல. எல்லா இடத்துலயும் ஒரே புகார், "பையன் நல்லவன், வாயிதான்." அப்புறம் எங்க மாமா ஒரு கான்ட்ராக்ட் ஆபீஸ் மூலமா சட்டசபைல அட்டெண்டரா சேத்து விட்டாரு. எந்த சட்டசபைன்னு கேக்காதீங்க. எதுக்கு வம்பு.

அங்க ஒரு கமிட்டி போட்டாங்க. தேர்தல் மேற்பார்வைக் கமிட்டி. ஏன் போட்டாங்கன்னா, சபைல ரெண்டு பக்கமும் ஒருத்தரை ஒருத்தர் பாத்து "நீ கள்ள ஓட்டுல வந்தவன்", "நீ கள்ள ஓட்டுல வந்தவன்"னு ஒரு வாரம் கத்தினாங்க. சரி, இனிமே எல்லா எலெக்‌ஷனையும் மேற்பார்வை பாக்க ஒரு கமிட்டின்னு முடிவாச்சு. இந்தப் பக்கம் மூணு எம்.எல்.ஏ, அந்தப் பக்கம் மூணு எம்.எல்.ஏ. சமமா இருக்கணுமாம். அப்பவே எனக்குப் பக்குன்னுச்சு. சமம்னா எங்க வீட்டுல ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவைன்னு கதை ஓடுதே.

ஒரு கண்டிஷன் வேற. அந்தக் கூட்டத்தொடர் முடியுறதுக்குள்ள கமிட்டி தனக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கணும். இல்லன்னா தானா கலைஞ்சிரும்.

கமிட்டி ரூம் மொட்டை மாடிக்குக் கீழ. அனல். ஆறு நாற்காலி, ஒரு மேசை. மூலைல நானு, ஒரு ஃபிளாஸ்க்கு. மினிட்ஸ் எழுத செக்‌ஷன் ஆபீசர் சந்தானகோபாலன் சார். அவரு காதுல விழுந்ததை எல்லாம் எழுதுவாரு. யாராவது தும்மினாக்கூட "உறுப்பினர் தும்மினார்"னு எழுதிட்டுத்தான் தலையைத் தூக்குவாரு.

இந்தப் பக்கத்துக்குப் பெரிய ஆளு தண்டாயுதம் ஐயா. நல்ல உசரம், கரும்பு வியாபாரம், குரலே மைக் செட் மாதிரி. அந்தப் பக்கத்துக்கு எஸ்தர் ராஜகுமாரி அம்மா. வக்கீலு. சிரிக்கவே மாட்டாங்க. கண்ணாடிக்கு மேல பாத்தாங்கன்னா ஃபிளாஸ்க்ல காபி ஆறிரும். மிச்ச நாலு பேரு இவங்க ரெண்டு பேரும் கையைத் தூக்கினா தூக்குவாங்க.

முதல் நாள். தலைவர் தேர்தல். சீட்டுல எழுதிப் போடணும். தண்டாயுதம் ஐயா சொல்றாரு, "உங்க ஆளுங்க ரெண்டு சீட்டுப் போட மாட்டாங்கன்னு என்ன உத்தரவாதம்?" ஆறு பேரு இருக்கிற ரூம்ல மேடம்! அதுக்கு எஸ்தர் அம்மா, "அந்தப் பழக்கம் உங்க தொகுதியில இருக்கலாம்." அவ்வளவுதான், சண்டை. நான் போண்டா தட்டோட நிக்கிறேன். கை வலிக்குது. எனக்குத்தான் வாயி சும்மா இருக்காதே. சொன்னேன், "பேசாம எல்லாரும் விரல்ல மை வச்சுக்கிட்டுப் போடுங்களேன் சார்."

ஜோக்கு மேடம். சும்மா ஜோக்கு.

யாருமே சிரிக்கல. தண்டாயுதம் ஐயா என்னையே பாக்குறாரு. எஸ்தர் அம்மா கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சு மாட்டுறாங்க. "நாமதான ஊருக்கு வழிகாட்டணும்"னு ஐயா. "நியாயமான யோசனை"ன்னு அம்மா. அவங்க ரெண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான் மேடம், எனக்கு அந்தப் பெருமை உண்டு. சந்தானகோபாலன் சார் அப்படியே எழுதிட்டாரு. "கமிட்டியின் ஒவ்வொரு வாக்கெடுப்பின் போதும் உறுப்பினர் கைவிரலில் மை வைக்கப்படும். மை உள்ள விரலைக் காட்டி வாக்களிக்க இயலாது." எழுதினா எழுதினதுதான். அதை மாத்தணும்னா அதுக்கும் வாக்கெடுப்பு வேணும்.

மை பாட்டில் வந்துச்சு. உடனே அடுத்த சந்தேகம். மை உண்மையான மையா, அழிஞ்சு போற மையா? யார் விரல்லயாவது வச்சுப் பாக்கணும். யார் விரல்ல? ஆறு பேரும் ஒண்ணா என்னைத் திரும்பிப் பாத்தாங்க. அப்படி வந்ததுதான் மேடம் இது, இடது கை ஆள்காட்டி விரல். முதல் மை. ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் முன்னாடி என் விரல்ல வச்சு, அஞ்சு நிமிஷம் கழிச்சு எச்சில் தொட்டுத் தேய்ச்சுப் பாத்து, "சரி, அழியல"ன்னு உறுதி பண்ணிட்டுத்தான் அவங்க வச்சுக்குவாங்க. சபை விதியே என் விரல்லதான் ஓடுச்சுன்னு வச்சுக்கங்களேன்.

போன் எடுத்தாரா மேடம்? பிஸியா? சரி, விடாம அடிங்க. என்னண்ணே, அப்புறம் என்ன ஆச்சா? வர்றேன்ண்ணே, அங்கதான் வர்றேன்.

எண்ணிப் பாத்தா மூணுக்கு மூணு. சமம். மறுபடியும் போடணும். ஆனா எல்லார் ஆள்காட்டி விரல்லயும் மை. அப்ப எஸ்தர் அம்மா சொன்னாங்க, "மறுவாக்குப்பதிவுன்னா நடுவிரல்ல வைப்பாங்க, அதுதான் முறை." கரெக்டுதான மேடம்? நீங்களே தலையாட்டுறீங்க. நடுவிரல்ல வச்சாங்க. மூணுக்கு மூணு. சீட்டுக் குலுக்கிரலாமான்னு ஒருத்தர் கேட்டாரு. குலுக்கலாமா வேணாமான்னு ஒரு வாக்கெடுப்பு. மோதிர விரல். மூணுக்கு மூணு. குலுக்கவும் முடியல, குலுக்காம இருக்கவும் முடியல.

அடுத்து சுண்டு விரலா, கட்டை விரலான்னு பிரச்சினை. தண்டாயுதம் ஐயாவுக்கு சுண்டு விரல்தான் வரிசை. எஸ்தர் அம்மாவுக்குக் கட்டை விரல்தான் மரபு. சரி, எந்த விரல்னு வாக்கெடுப்பு. அந்த வாக்கெடுப்புக்கு ஒரு விரல் வேணும்ல? எந்த விரல்ல வைக்கிறது? ஒரு மணி நேரம் யோசிச்சாங்க மேடம். கடைசில அவங்க அவங்க இஷ்டத்துக்கு ஒரு விரலை நீட்டச் சொல்லி நான்தான் வழி சொன்னேன். என்னைக் கேட்டா அந்தக் கமிட்டியை ஓட்டினதே நான்தான்.

அப்படியே போச்சு. ஃபேனை மூணுல வைக்கிறதா அஞ்சுல வைக்கிறதா, ஒரு விரல். போண்டாவா உளுந்து வடையா, ஒரு விரல். அதுவும் சமம், அதனால அன்னைக்கு யாருக்கும் எதுவும் கிடையாது. மொத்தத்தையும் நான்தான் சாப்பிட்டேன். இதுக்கு நடுவுல எங்கயோ ஒரு இடைத்தேர்தல் நடந்து முடிஞ்சு போச்சு மேடம். இவங்க மேற்பார்வை பாக்க வேண்டிய எலெக்‌ஷன். பேப்பரைப் பாத்துத்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. பேப்பர் படிக்கிறப்ப தண்டாயுதம் ஐயா விரலை எல்லாம் விரிச்சுப் பிடிச்சுக்கிட்டுதான் பக்கத்தைத் திருப்புவாரு. மை காயணும்ல.

வெளிய என்ன மேடம் சத்தம்? யாரோ குடத்தை உருட்டுறாங்க. அது ஒண்ணும் இல்ல. எங்க தெருவுக்குத் தண்ணி எப்ப விடுவாங்கன்னு சொல்ல மாட்டாங்க. வாரத்துல ஒரு நாளு, என்னைக்குன்னும் தெரியாது, எந்த நேரம்னும் தெரியாது. விட்டா அரை மணி நேரம். அதுக்காகத்தான் எங்க அம்மா நிக்கிறதே. ஜெயிச்சா தண்ணி விடுற நேரத்தைப் போர்டுல எழுதி வைக்கிறேன்னு சொல்லிருக்காங்க. வேற ஒண்ணும் சொல்லல. போர்டு, சாக்பீஸ், அவ்வளவுதான் வாக்குறுதி. சரி, சரி, பிரச்சாரம் இல்ல மேடம். தகவல்.

தேசிங்கு அண்ணன் தண்ணி பாட்டில் குடுக்குறாரு பாருங்க. "தொண்டை காயுது, குடிச்சுட்டுச் சொல்லு"ங்குறாரு. தங்கமான மனுஷன். இந்த மாதிரி ஒருத்தரு கமிட்டில இருந்திருந்தா அது உருப்பட்டிருக்கும்.

எங்க விட்டேன்? ஆங், ஒன்பது விரல். கூட்டத்தொடர் கடைசி நாளு. எல்லாருக்கும் ஒன்பது விரல் கறுப்பு, ஒண்ணு வெள்ளை. அந்த ஒண்ணை வச்சு எப்படியாவது தலைவரைப் போட்டே ஆகணும். அப்பத்தான் எஸ்தர் அம்மா சிரிச்சாங்க. முதல் தடவையா. நான் போண்டா தட்டை மேசை மேல வச்சுட்டேன். "தண்டாயுதம், உங்க பத்தாவது விரலைக் காட்டுங்க"ன்னாங்க.

தண்டாயுதம் ஐயா வலது கையைத் துண்டுக்குள்ள வச்சிருக்காரு. எடுக்க மாட்டேங்குறாரு. அவருக்குச் சுண்டு விரல் கிடையாது மேடம்! சின்ன வயசுல கரும்பு பிழியிற மிஷின்ல போயிருச்சு. மனுஷனுக்கு மொத்தமே ஒன்பதுதான். அந்தம்மா முதல் நாள்லயே எண்ணிட்டாங்க. ஃபேனுக்கும் வடைக்கும் வாக்கெடுப்புக் கேட்டதெல்லாம் அந்தம்மாதான்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுது. அவரு விரலைத் தீத்து விடுறதுக்குத்தான் வடையே. இனி மூணுக்கு ரெண்டு. தலைவர் அவங்கதான்.

ஆனா தண்டாயுதம் ஐயா லேசுப்பட்டவரா? எந்திரிச்சாரு. ஷூவைக் கழட்டினாரு. சாக்ஸைக் கழட்டினாரு. காலைத் தூக்கி மேசை மேல வச்சாரு, போண்டா தட்டுக்குப் பக்கத்துல. "கை இல்லாதவனுக்கு ஓட்டு இல்லையா? காலையும் சேத்துக்கங்க!"ன்னு ஒரே கத்து. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு மேடம். ஜனநாயகம்னா என்னன்னு அன்னைக்கு அந்தக் கட்டை விரலைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

எஸ்தர் அம்மா அசரல. "விதியில கைவிரல்னு இருக்கு. மாத்தணும்னா வாக்கெடுப்பு வேணும். வையுங்க வாக்கெடுப்பை"ன்னாங்க. நான் என் பத்தாவது விரல்ல மை வச்சேன். எச்சில் தொட்டுத் தேய்ச்சேன். அழியல. அஞ்சு பேரும் கடைசி விரலை நீட்டினாங்க. கால் செல்லாதுன்னு மூணு, செல்லும்னு ரெண்டு. கமிட்டி பொறந்ததுல இருந்து முதல் தீர்மானம்! எஸ்தர் அம்மா பக்கத்துல ஒரே கைதட்டல். சந்தானகோபாலன் சார் பேனாவுல மை தீந்து எங்கிட்ட இருந்த பாட்டில்ல தொட்டு எழுதினாரு.

கைதட்டி முடிச்சதும் நான் பாட்டிலைத் தூக்கிட்டுப் போயி, "சரிங்கம்மா, இப்ப தலைவர் தேர்தல். விரலைக் காட்டுங்க"ன்னேன்.

ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்குறாங்க. விரிச்சுப் பாக்குறாங்க, திருப்பிப் பாக்குறாங்க. ஒரு விரல் இல்ல. அந்தம்மா கண்ணாடியைக் கழட்டுறாங்க, மாட்டுறாங்க. சாயங்காலம் சபை மணி அடிச்சுது. கூட்டத்தொடர் முடிஞ்சுது. கமிட்டி கலைஞ்சுது. என் வேலையும் கலைஞ்சுது. போன வாரம்தான் மேடம் நடந்துச்சு. நகம் வளர்ற வரைக்கும் இது இருக்கும்.

யாரு செஞ்ச தப்புன்னா கேக்குறீங்க? அரசியல் மேடம். வேற என்ன. நல்ல யோசனையைக் குடுத்தா அதை ஒழுங்கா வச்சுக் காப்பாத்தத் தெரியல. என் வாயி அங்கயாவது உருப்படியா ஒரு வேலை செஞ்சுதேன்னு எனக்கு ஒரு திருப்தி.

ஆங், எடுத்துட்டாரா! பேசுங்க மேடம், பேசுங்க. பத்து விரல்னு சொல்லுங்க. கமிட்டின்னு சொல்லுங்க. அவருக்குப் புரியலன்னா போனைக் குடுங்க, நான் முதல்ல இருந்து சொல்றேன். வேணாமா? சரி. என்ன சொன்னாரு? ஆளு நிஜ ஆளுதான்னு ஏஜென்ட்டுங்க ஒத்துக்கிட்டா போட விடலாமா? இடம் இருக்கிற இடத்துல மை வைக்கச் சொன்னாரா? வாழ்க அவரு குடும்பம்! அதுக்கென்ன மேடம், இந்தா. செருப்பைக் கழட்டிட்டேன். பெஞ்சு மேல வைக்கலாமா? சின்னப் பசங்க பெஞ்சு, குட்டையா வசதியா இருக்கு. காலைல நல்லாத்தான் கழுவினேன். இடது கால் கட்டை விரல். வையுங்க சார்.

என்னண்ணே? மறுபடியும் ஆட்சேபணையா? "உங்க கமிட்டியே கால் செல்லாதுன்னு தீர்மானம் போட்டிருக்கே"ங்குறீங்களா? அடேயப்பா! எவ்வளவு கவனமாக் கேட்டிருக்காரு பாத்தீங்களா மேடம்? அண்ணே, அது கலைஞ்ச கமிட்டிண்ணே. இல்ல மேடம், அந்தத் தீர்மானம் இங்க செல்லாது. செல்லாதுல்ல? திரும்பவும் அவருக்கே போன் போட்டுக் கேக்கணுமா? கேளுங்க, கேளுங்க. எதுவும் முறையா நடக்கணும். காலு இங்கயே இருக்கட்டும். அதுவரைக்கும் இன்னொண்ணு சொல்றேன், தும்மினதை எல்லாம் எழுதுவாருன்னு சொன்னேன்ல சந்தானகோபாலன் சார், அவரு ஒரு நாள்... சுருக்கமாத்தான் அண்ணே, கேளுங்க...

சரியா? சரின்னுட்டாரா! சார், வையுங்க மை. ஜில்லுனு இருக்கு. சூப்பர். இதோ போறேன்.

குத்திட்டேன் மேடம்! பீப்னு சத்தம் கேட்டுச்சுல்ல? எனக்கு நெஞ்சே நிறைஞ்சுருச்சு. போன தடவை விட்டதை இந்தத் தடவை பிடிச்சிட்டேன். இனிமே எங்க அம்மா ரசத்துக்கு வாயைத் திறக்க மாட்டாங்க. செல்வி அக்கா, நீங்க வாங்க, உங்க முறைதான்.

செல்வி அக்கா?

என்ன மேடம், வராண்டாவுல ஒருத்தரையும் காணோம்? தண்ணியா? எப்ப விட்டான்? ஓ, அப்ப கேட்டுச்சே குடம், அப்பவா? அவங்க பிடிச்சு வச்சுட்டு வந்துருவாங்க மேடம், ஒரு பத்து நிமிஷம். கேட்டைச் சாத்தச் சொல்றீங்களா? மணி அஞ்சு ஆயிருச்சா? பேசுறதுல நேரம் எப்படித்தான் ஓடுதோ. இருக்கட்டும் மேடம், கடைசி நேரக் கூட்டம் இல்லாம உங்களுக்கும் நிம்மதி.

அதோ எங்க அம்மா! கேட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறாங்க பாருங்க, இடுப்புல குடத்தோட. அம்மா! போட்டுட்டேன்மா! கால் விரல்ல மைம்மா, இங்க பாரு! ஏன்மா அப்படிப் பாக்குற? தேசிங்கு அண்ணன்கூட எனக்கு ஒத்தாசைதாம்மா பண்ணினாரு. அம்மா... என்ன மேடம் இவங்க, ஒண்ணும் பேசாம குடத்தைத் தூக்கிட்டுப் போறாங்க. சந்தோஷத்துல பேச்சு வரல போலிருக்கு.

என்னண்ணே, கையா? எனக்கு எதுக்குண்ணே கை குடுக்குறீங்க? ரெண்டு கையாலயுமா? பாத்தீங்களா மேடம், ஆட்சேபணை சொன்ன மனுஷன். எடுத்துச் சொல்ற விதத்துல சொன்னா எதிராளிகூட கையை விட மாட்டேங்குறான்.